மீன்களின் உறவறிந்த பேராசிரியர்
கூர்ட் கொஸ்விக்கின் வாழ்வும் பணியும்

உருவத்தால் ஒத்தவை யாவும் ஓரினமாகா. உருவத்தால் வேறுபட்டவை யாவும் வேற்றினமுமாகா. குயிலின் குஞ்சு காகத்தின் கூட்டில் வளர்வதைக் கண்டவர் முன்னதன் உண்மையை எளிதில் உணர்வர். பின்னதன் உண்மையை உணர்வதற்கோ கண்ணின் துணைமட்டும் போதாது. செதில் நிறைந்த ஒரு மீனும், செதிலே இல்லாத வேறொரு மீனும் நெருங்கிய சுற்றமெனச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் நம்புவர்? அவ்வாறான உறவுகளைக் கண்ணால் மட்டுமன்றிக் கலப்புமணத்தாலும் சோதித்தறிந்த அறிஞர் ஒருவர் இருந்தார். கூர்ட் கொஸ்விக் என்பது அவர் பெயர். பிறந்தது ஜேர்மனியில், பெயர் நிலைத்தது துருக்கியில். அவருடைய வரலாறு விலங்கியல் பயில்வோர்க்கு மாத்திரமன்றி, இனமென்றும் கலப்பென்றும் பேசும் எல்லோர்க்கும் பயன்தருவதாகும்.

வரலாற்றுட் புகுமுன் சொற்களைப்பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். நம் நாட்டு விலங்கியல் நூல்கள், தம்முட் கூடிச் சந்ததி பெருக்கும் உயிர்த்தொகுதியை இனமென வழங்கும். நெருங்கிய இனங்கள் பலவற்றை அடக்கிய பெருந்தொகுதியைச் சாதியென வழங்கும். பேச்சுவழக்கில் இவ்விரு சொற்களும் மனிதரைப் பிரித்துக் கூறவே பெரும்பாலும் பயன்படுகின்றன. அவ்வழக்கை இங்கு மறந்துவிடுதல் நன்று. இக்கட்டுரையில் இனமென்பதும் சாதியென்பதும் விலங்கியலார் கொண்ட பொருளிலேயே நிற்கும்.

இனத்தைப் பிரித்தறியப் பண்டுதொட்டு மக்களறிந்த சோதனை ஒன்றுண்டு. குதிரையும் கழுதையும் கூடினாற் கோவேறு கழுதை பிறக்கும். அது வலிமை மிக்கது. ஆயினும் பெரும்பாலும் மலடு. ஆகவே குதிரை வேறு, கழுதை வேறு என்பது தெளிவு. இச்சோதனையைப் பெருவிலங்குகளிற் செய்வதற்குக் காலமும் பொருளும் மிகுதியாக வேண்டும். சிறு மீன்களிலோ சில திங்களுக்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிடும். ஒரு சிறிய அறையில் நூற்றுக்கணக்கான தொட்டிகளை அடுக்கிவைக்கலாம். இவ்வசதியை நன்கு பயன்படுத்தியவர் கொஸ்விக்.

அவர் 1903 ஆம் ஆண்டு பெர்லினிற் பிறந்தவர். இளமையில் விலங்கியலும் பிறப்புரிமையியலும் கற்று, மியூன்ஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராய் அமர்ந்தார். மெண்டலின் விதிகள் மீண்டும் கண்டறியப்பட்டு முப்பது ஆண்டுகள்கூட நிறையாத காலம் அது.  கொஸ்விக் தம் ஆய்வுக்கு இரு மீன்களைத் தேர்ந்துகொண்டார். இரண்டும் மெக்சிக்கோவையும் அதனை அடுத்த நாடுகளையும் தாயகமாகக் கொண்டவை. முட்டையிடாமற் குஞ்சு ஈனுபவை. ஒன்று, ஆணின் வாற்செட்டையின் கீழ்ப்புறம் வாள்போல் நீண்டிருத்தலால் வாள்வால் மீன் எனப்படுவது. மற்றையது, குறுகித் தடித்த உடலையுடைய பிளாட்டி மீன். இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளிற் காணும் சிவப்பும் கறுப்புமான சிறு மீன்களுட் பல இவ்விரண்டின் வழிவந்தவையே.

அக்காலத்து அறிஞர் இவ்விரண்டையும் வெவ்வேறு இனமாக மாத்திரமன்றி, வெவ்வேறு சாதியாகவும் வைத்திருந்தனர். ஆயினும் தொட்டியில் ஒருங்கே விட்டபோது அவை கூடின, குஞ்சுகள் பிறந்தன, அக்குஞ்சுகளும் மலடாகவில்லை. இது முதல் வியப்பு. இரண்டாவது வியப்போ அச்சந் தருவது. பிளாட்டி மீன்களுட் சிலவற்றின் முதுகுச்செட்டையிற் சிறு கரும்புள்ளிகள் உண்டு. அப்புள்ளிகளால் அம்மீனுக்கு யாதொரு தீங்கும் இல்லை. அத்தகைய பிளாட்டியை வாள்வாலுடன் கலந்தபோது, பிறந்த குஞ்சுகளிற் புள்ளிகள் பெருகிப் படர்ந்தன. அக்கலப்புக் குஞ்சுகளை மீண்டும் வாள்வாலுடன் கலந்தபோது, பிறந்தவற்றுட் சிலவற்றின் கருமை கட்டுக்கடங்காது வளர்ந்து புற்றுநோயாய் மாறி அவற்றைக் கொன்றது.

இவ்வுண்மையை 1920 களின் பிற்பகுதியில் மூவர் தனித்தனியே கண்டனர். அமெரிக்காவில் மைரன் கோர்டன், ஜேர்மனியில் ஹொய்ஸ்லர், கொஸ்விக் ஆகியோரே அம்மூவர். கொஸ்விக்கின் கட்டுரை 1928 இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே அவர் சிந்தனை சென்ற திசையைக் காட்டும். அந்நிய மரபுத்தொகுதியில் வாழும் பரம்பரையலகு என்பது அதன் கருத்து. ஒரு பரம்பரையலகு தான் பிறந்த இனத்தினுள் ஏனைய அலகுகளாற் கட்டுப்பட்டு அடங்கி நிற்கும். அக்கட்டுப்பாடு இல்லாத வேற்றினத்தின் உடலிற் புகுந்தாலோ அதே அலகு நாசத்தை விளைக்கும். எனவே ஓர் இனம் என்பது தனித்தனி அலகுகளின் குவியலன்று. நெடுங்காலம் ஒன்றோடொன்று பழகி இசைந்த அலகுகளின் கூட்டு. இதுவே கொஸ்விக் தம் தொட்டிகளிற் படித்த பாடம்.

மீள்கலப்பிற் பிறந்த குஞ்சுகளை எண்ணிப் பார்த்தாற் கணக்கு அழகாக அமையும். ஏறக்குறையப் பாதிக் குஞ்சுகளிற் புள்ளியே இராது. காற்பங்கிற் கருமை படர்ந்தும் உயிருக்குத் தீங்கு செய்யாது. எஞ்சிய காற்பங்கிற் புற்றுநோய் தோன்றும். புள்ளியைத் தோற்றுவிக்கும் அலகு ஒன்று, அதனை அடக்கும் அலகு வேறொன்று, இரண்டும் வெவ்வேறு நிறமூர்த்தங்களில் உள்ளன எனக் கொண்டால் இக்கணக்கு விளங்கிவிடும். வாள்வால் மீனிடம் இவ்விரண்டும் இல்லை. ஆதலால் மீள்கலப்பு நிகழுந்தோறும், அடக்கும் அலகு பாதிக் குஞ்சுகளுக்குக் கிட்டாது போகின்றது. புள்ளி அலகு மாத்திரம் கிடைத்து அடக்கும் அலகு கிடையாத குஞ்சே மடிகின்றது. இப்புள்ளி அலகின் வேதியியல் அமைப்பை 1989 ஆம் ஆண்டு ஜேர்மனிய ஆய்வாளர் கண்டறிந்தனர். புற்றுநோய் ஆராய்ச்சியில் இம்மீன்கள் இன்றும் கோர்டன், கொஸ்விக், பின்வந்த அண்டர்ஸ் ஆகிய மூவர் பெயரோடும் சேர்த்தே பேசப்படுகின்றன.

1933 இல் கொஸ்விக் பிரவுன்ஷ்வைக் நகரின் தொழில்நுட்ப உயர்கல்லூரியிற் பேராசிரியரானார். அந்நகரின் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையும் அவர் பொறுப்பில் வந்தது. அவ்வாண்டே ஹிட்லரின் ஆட்சியும் தொடங்கியது. தொடக்கத்தில் அவ்வாட்சியின் அமைப்பொன்றிற் கொஸ்விக்கும் உறுப்பினராயிருந்தார் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. பின்னர் அதனின்றும் விலகினார். 1935 இல் யூதருக்கும் ஏனையோர்க்குமிடையே மணத்தைத் தடைசெய்யும் சட்டம் பிறந்தது. இரத்தக் கலப்பு நாட்டைக் கெடுக்கும் என்று மேடைதோறும் முழங்கினர். பிறப்புரிமையியல் அறிந்தோர் பலர் அம்முழக்கத்துக்குத் தம் கல்வியை விலைபோக்கினர்.

இங்கே சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். கலப்பினாற் புற்றுநோய் பிறந்ததென்ற மீன்களின் செய்தியை, கலப்பே தீது என்று வாதிப்போர் கையிலெடுப்பது எளிது. ஆனால் அவ்வாதம் அடிப்படையிலேயே பிழையானது. வாள்வாலும் பிளாட்டியும் இயற்கையில் ஒரே ஆற்றில் அருகருகே வாழ்ந்தும் தம்முட் கலவாத வெவ்வேறு இனங்கள். மனிதரோ உலகெங்கும் ஒரே இனம். வடதுருவத்தை அடுத்து வாழ்வோரும் ஆபிரிக்கக் காட்டில் வாழ்வோரும் மணந்தாற் பிறக்கும் மகவு மலடுமன்று, நோயாளியுமன்று. ஆகவே மீன்களிற் செய்த சோதனையை நேர்மையாக மனிதரிடம் பொருத்தினால், மனிதகுலம் ஒன்றே என்ற முடிவுதான் கிடைக்கும். இனம் என்ற சொல்லை விலங்கியலார் ஒரு பொருளிலும் அரசியலார் வேறொரு பொருளிலும் ஆளும்போது, பின்னவர் முன்னவரின் அதிகாரத்தைக் கடன்வாங்கிக்கொள்கின்றனர். மொழியாசிரியர் எவரும் மாணவர்க்கு எடுத்துக்காட்ட வேண்டிய சொன்மயக்கம் இது.

ஆட்சியோடு முரண்பட்ட கொஸ்விக்கை ஆபத்து நெருங்கியது. 1937 இல் அவர் நாட்டைவிட்டு வெளியேறித் துருக்கியை அடைந்தார். அந்நாட்டில் முஸ்தபா கெமால் அத்தாதுர்க் 1933 இல் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தைப் புதுக்கி அமைத்து, ஜேர்மனியில் வேலை பறிக்கப்பட்ட அறிஞர் பலரை வரவேற்று ஆசனமளித்திருந்தார். மியூன்ஸ்ரரிற் பணியாற்றி, யூத மரபினர் என்பதால் விலக்கப்பட்ட தாவரவியலாளர் அல்பிரட் ஹைல்புறொன் அவர்களுள் ஒருவர். விலங்கியற் பீடத்தில் இருந்த சுவிற்சர்லாந்து நாட்டவரான நவில் 1937 இற் காலமானார். அவ்விடத்தைக் கொஸ்விக் நிரப்பினார். அவரும் ஹைல்புறொன்னும் சேர்ந்து பிறப்புரிமையியலின் அடிப்படைக் கருத்துகளைச் சுருங்கச் சொல்லும் நூலொன்றையும் எழுதினர்.

புகலிடம் தேடிச் சென்றவர் பலர் தாம் விட்டுவந்த நாட்டையே எண்ணி ஏங்குவர். கொஸ்விக்கோ புகுந்த நாட்டையே தம் ஆய்வுக்களமாக்கினார். துருக்கி மொழியைக் கற்றார். மாணாக்கரை அழைத்துக்கொண்டு அனத்தோலியா மேட்டுநிலம் முழுதும் சுற்றினார். அம்மேட்டுநிலத்தில் உவர்நீர் ஏரிகளும் நன்னீர் ஊற்றுகளும் பல உள. மலைகள் எழுந்தும் நிலம் தாழ்ந்தும், மழை குறைந்தும், முற்காலத்தில் இணைந்திருந்த நீர்நிலைகள் தனித்தனியே துண்டுபட்டன. அவற்றில் அகப்பட்ட சிறு மீன்களும் துண்டுபட்டு, நீர்நிலைக்கொரு வடிவம் கொண்டன. விரலளவேயான அம்மீன்களைக் கொஸ்விக் பற்றினார்.

கரையோரத்து ஊற்றுகளில் வாழும் மீன்களின் உடல் முழுதும் செதில் மூடியிருக்கும். பெரிய ஏரிகளில் வாழ்பவற்றிற் செதில்கள் குறைந்து, உடலும் ஒடுங்கியிருக்கும். கிழக்கிலுள்ள ஹசார் ஏரியில் வாழும் மீனிலோ செதில் அறவே இல்லை. சோசெர் என்னும் துருக்கி நாட்டு ஆய்வாளர் 1942 இல் அதனைப் புதிய சாதியாக விவரித்தபோது, கொஸ்விக்கின் பெயராலேயே கொஸ்விகிக்திஸ் எனப் பெயரிட்டார். 1945 இற் கொஸ்விக்கும் சோசெரும் சேர்ந்து, செதில் குறைந்த ஏரி மீன்களுக்கு அனத்தோலிக்திஸ் என்ற வேறொரு சாதிப்பெயரை வழங்கினர். உருவத்தை மாத்திரம் நோக்கினால் அப்பெயர் பொருத்தமானதே.

ஆனால் கொஸ்விக் உருவத்தோடு அமையவில்லை, தொட்டிக்குச் சென்றார். செதில் நிறைந்த மீனையும் செதில் குறைந்த மீனையும் கலந்து பார்த்தார். நெருங்கியவற்றிடையே கலப்புக் குஞ்சுகள் நலமே வளர்ந்து தாமும் சந்ததி ஈன்றன. தூரத்து வடிவங்களிடையே கலப்புக் குஞ்சுகளின் இனப்பெருக்க உறுப்புகள் செவ்வனே அமையவில்லை. இவ்வாறு உறவின் நெருக்கத்தையும் சேய்மையையும் அளக்கும் ஓர் அளவுகோல் கிட்டியது. பின்னாளில் அவர் மாணவர் வில்வொக் இக்கலப்புகளைப் பல தலைமுறை தொடர்ந்து, செதிற் குறைவு எவ்வாறு மரபிலிறங்குகின்றது என்பதை 1963 இல் ஆராய்ந்து வெளியிட்டார். செதில் இருப்பதும் இல்லாததும் கண்ணுக்குப் பெரிய வேறுபாடாயினும், மரபில் அது உறவைத் துண்டிக்கும் மதிலன்று என்பது புலனாயிற்று. ஆதலால் அனத்தோலிக்திஸ் என்ற தனிச்சாதி நெடுங்காலம் வேறொரு சாதியுள் அடக்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டு, டீ.என்.ஏ. சான்றுகளையும் கருதி இம்மீன்களின் வகுப்பு மீண்டும் திருத்தப்பட்டது. அப்போது அனத்தோலிக்திஸ் என்ற பெயர் உயிர்பெற்றது. ஆயின் இம்முறை செதில் நிறைந்த அனத்தோலிய மீன்களும் செதில் குறைந்தவையும் அப்பெயரின் கீழ் ஒருங்கே வைக்கப்பட்டன. ஹசார் ஏரி மீன் மாத்திரம் கொஸ்விக்கின் பெயரோடு தனியே நின்றது.

கலப்புச் சோதனையின் படிகளை இங்கே தொகுத்துக் கூறலாம். முட்டை கருக்கொள்ளாமையே மிகத் தூரத்து உறவின் அடையாளம். கரு உண்டாகி இடையில் மடிவது அதற்கடுத்த படி. குஞ்சு வளர்ந்தும் மலடாதல் மூன்றாம் படி. இதனுள்ளும் சிலவேளை ஆண் மாத்திரமோ பெண் மாத்திரமோ மலடாகும். முதற் தலைமுறை நலமாயிருந்து அடுத்த தலைமுறை நலிவது நான்காம் படி. வாள்வால், பிளாட்டி மீன்களின் கதை இதுவே. எத்தலைமுறையிலும் குறைவின்றிச் சந்ததி தழைப்பது மிக நெருங்கிய உறவின் அடையாளம்.

எனினும் இச்சோதனையை அளவுகடந்து நம்புதல் கூடாது என்பதையும் கொஸ்விக் நன்கறிந்திருந்தார். தொட்டியுள் வேறு துணையின்றி அடைக்கப்பட்ட மீன், காட்டாற்றில் ஏறெடுத்தும் பாராத வேற்றினத்தோடு கூடிவிடும். எனவே கூடவியலாமை உறுதியான சான்று. கூடவியலுதல் மாத்திரம் போதிய சான்றன்று. இயற்கையில் அவை கூடுகின்றனவா என்பதே இறுதி வினா. கிழக்கு ஆபிரிக்க ஏரிகளில் ஒரே நீரில் எண்ணற்ற இனங்களாகப் பிரிந்து வாழும் சிக்லிட் மீன்களைப்பற்றி அவர் 1947 இல் நேச்சர் இதழில் எழுதிய குறிப்பில், துணையைத் தேர்ந்து கூடும் வழக்கமே இனங்கள் பிரிதற்கு ஒரு காரணமாகலாம் என்ற கருத்தை முன்வைத்தார். மலையும் கடலும் பிரிக்காத இடத்தில் விருப்பமே வேலியாய் நிற்கக்கூடும் என்பது அதன் சாரம்.

குகை மீன்களும் அவர் கருத்தைக் கவர்ந்தன. மெக்சிக்கோவின் சுண்ணக்கற் குகையொன்றிற் கண்டெடுத்த கண்ணில்லாத மீனை 1936 இல் புதிய சாதியாக அறிவித்திருந்தனர். ஆனால் அதனை வெளியாற்றில் வாழும் கண்ணுள்ள மீனோடு கலந்தபோது குஞ்சுகள் பிறந்தன. அவையும் சந்ததி ஈன்றன. துருக்கியரான பெரிஹான் ஷாதோலு என்னும் பெண் ஆய்வாளர், அக்குகை மீனின் வெண்மை ஒரேயோர் அலகால் விளைவது என்பதை 1957 இற் காட்டினார். தனிச்சாதி என்ற மதிப்பு நாளடைவில் மறைய, அது இன்று வெளியாற்று மீனின் இனத்துள்ளேயே பலராலும் வைத்தெண்ணப்படுகின்றது. வெவ்வேறு குகைகளின் குருட்டு மீன்களை ஒன்றோடொன்று கலந்தால், பிறக்கும் குஞ்சுகளுட் சிலவற்றுக்குப் பார்வை மீள்வதையும் 2008 இல் வெளியான ஆய்வொன்று மெய்ப்பித்தது. ஒரு குகையிற் கெட்ட அலகு மற்றக் குகையிற் கெடாதிருந்தமையே அதற்குக் காரணம். இருளிற் கண்ணுக்குப் பயனில்லையாகவே அதனைக் காக்கும் இயற்கைத் தேர்வும் நின்றுவிடுகின்றது. கேடுற்ற அலகுகள் களையப்படாமற் சேர்ந்து கண் அழிகின்றது என்பது கொஸ்விக்கின் கொள்கை.

துருக்கி அவருக்கு மீன்களை மாத்திரம் கொடுக்கவில்லை. 1938 இல் அவரும் அவர் மனைவியார் லெயொனோரும் மன்யாஸ் ஏரிக்கரையிற் பறவைகள் பல்லாயிரமாய்க் கூடுகட்டும் இடமொன்றைக் கண்டனர். நாரையும் கொக்கும் நீர்க்காகமும் மரந்தோறும் நிறைந்த அவ்விடத்துக்குப் பறவைகளின் சுவர்க்கம் என்று பெயர் வழங்கலாயிற்று. அவ்விடத்தைக் காக்க இருவரும் அயராது உழைத்தனர். 1959 இல் அது தேசியப் பூங்காவாயிற்று. கரையோர நகரில் நீருயிரியல் ஆராய்ச்சி நிலையமொன்றை 1951 இல் நிறுவியவரும் கொஸ்விக்கே.

1955 இல் அவர் ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்று ஜேர்மனிக்குத் திரும்பினார். லெயொனோர் அம்மையார் இஸ்தான்புல்லிலேயே தங்கிப் பறவைகளுக்கு வளையமிடும் பணியைத் தொடர்ந்து 1973 இல் அங்கேயே காலமானார். கொஸ்விக் 1969 இல் ஓய்வுபெற்று, 1982 மார்ச் 29 ஆம் நாள் ஹம்பேர்க்கில் மறைந்தார். அவருடல் அவர் பிறந்த மண்ணிற் புதைக்கப்படவில்லை. இஸ்தான்புல்லுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மனைவியார் துயிலும் மண்ணிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.

ஆசிரியர் ஒருவரின் புகழை அவருடைய மாணாக்கரைக் கொண்டு அளத்தல் நம் மரபு. துருக்கியில் விலங்கியல் கற்பித்தவர் பலருக்குக் கொஸ்விக்கே ஆசான். போரும் பகையும் ஒரு நாட்டினின்றும் துரத்திய அறிவு, பிறிதொரு நாட்டில் வேரூன்றித் தழைத்தது. மீன்களிற் கலப்பை ஆராய்ந்தவரின் வாழ்வில் இரு நாடுகள் கலந்தன, அக்கலப்பு மலடாகவில்லை. உருவத்தை மாத்திரம் கண்டு உறவை மறுக்காதே, உறவைச் சோதித்தபின் பெயரிடு என்று அவர் பணி நமக்குக் கூறுகின்றது. மீனுக்குப் பெயரிடுவோர் அதனைக் கற்றுக்கொண்டனர். மனிதர்க்குப் பெயரிடுவோரும் கற்றுக்கொள்வாராயின் நன்று.